காமா பயில்வான் – உண்மையான சாம்பியன்



டி.வி.யில் மல்யுத்தம் வந்தா நாம கண்ணு இமைக்காம பார்ப்போம். அதில் யாரு பெரிய ஆளுன்னு வகுப்பில் சண்டையே நடக்கும். என்னைக் கேட்டா நான் காமா பயில்வான் பேரைத்தான் சொல்வேன். ஏன்னு சொல்றேன், படிங்க.

காமாவின் உண்மையான பெயர் குலாம் முகமது. 1878-ல் பஞ்சாபில் ஒரு குஸ்திக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தந்தையை இழந்தார். 1888-ல் ஜோத்பூர் மகாராஜா ஒரு உடற்பயிற்சிப் போட்டி வைத்தார். 400-க்கும் மேற்பட்ட பயில்வான்கள் வந்தார்கள். ஒவ்வொருவராகக் களைத்து விலக, பத்து வயசுப் பையன் காமா கடைசி 15 பேரில் ஒருவராக நின்றார்! மகாராஜா அவருக்கே வெற்றியைக் கொடுத்தார்.

வளர்ந்த பிறகு நாடே அவரைக் கொண்டாடியது. ஆனா ஒரு குறை இருந்தது. ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா என்ற பயில்வான் கிட்டத்தட்ட ஏழு அடி உயரம். அவரோடு காமா மோதிய குஸ்தி சமமாக முடிந்தது.

1910-ல் காமா லண்டன் போனார். அவர் உயரம் ஐந்தே முக்கால் அடிக்கும் குறைவு. குள்ளம்னு சொல்லி போட்டியில் சேர்க்கவில்லை. காமா விடுவாரா? யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். அமெரிக்காவின் டாக்டர் ரோலர் வந்தார், தோற்றார். செப்டம்பர் 10-ல் போலந்து வீரர் ஸ்பிஸ்கோ வந்தார். அவர் குப்புறப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை! இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தும் முடிவு வரவில்லை. செப்டம்பர் 17-ல் மறுபடி குஸ்தி என்றார்கள். ஸ்பிஸ்கோ வரவில்லை. சாம்பியன் பெல்ட் காமாவுக்குக் கிடைத்தது.

எதிரி வராததால கிடைச்ச பட்டம்தானேன்னு உங்களுக்குத் தோணலாம். எனக்கும் தோணிச்சு. ஆனா காமா அதோடு நிற்கவில்லை. ஊர் திரும்பியதும் அலகாபாத்தில் ரஹீம் பக்ஷை மறுபடி சந்தித்து வென்றார். 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் ஸ்பிஸ்கோவும் வந்து மோதினார். இடையில் ஸ்பிஸ்கோவும் உலக சாம்பியன் ஆகியிருந்தார். காமாவுக்கோ வயசு ஐம்பதை நெருங்கியிருந்தது. என்ன நடந்தது தெரியுமா? ஒரு நிமிஷத்துக்குள் ஸ்பிஸ்கோ கீழே! பதினேழு வருஷச் சந்தேகம் ஒரே நிமிஷத்தில் தீர்ந்தது.

1947 பிரிவினைக் கலவரத்தின்போது லாகூரில் தன் தெருவில் இருந்த இந்துக் குடும்பங்களை அவர் காவல் நின்று காப்பாற்றினார். 1960-ல் லாகூரிலேயே காலமானார்.

நண்பர்களே, கைதட்டல் கிடைத்தால் புகழ் வரும். பெல்ட் கிடைத்தால் பட்டம் வரும். முடிவு தெரியாமல் விட்ட ஆட்டத்தைத் திரும்பப் போய் ஆடினால்தான் நம்பிக்கை வரும். அதனால்தான் என் சாம்பியன் காமா!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்