காருக்கு றெக்கை தேவையா? ரேஸ் கார்களில் விங் மாட்டிய காலின் சாப்மனின் வாழ்க்கை சொல்லும் பதில்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலை. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி, நடுவில் ஒரு சின்ன ஹேட்ச்பேக் கார். அதன் டிக்கிக்கு மேலே இரண்டு கால் வைத்து, பெஞ்ச் மாதிரி ஒரு கறுப்பு விங். வண்டி நகர்வது என்னவோ நடக்கிற வேகத்தில்தான். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் போகிறவங்க இந்தக் காட்சியை எப்படியும் பார்த்திருப்பீங்க.

அந்த விங் நிஜமாவே ஏதாவது வேலை செய்யுதா, இல்ல வெறும் பந்தாவா? இதற்கு இயற்பியல் பாடத்தைவிட ஒரு மனிதரின் வாழ்க்கை நல்ல பதில் சொல்லும். லோட்டஸ் கார் கம்பெனியைத் தொடங்கிய பிரிட்டிஷ் இன்ஜினீயர் காலின் சாப்மன்தான் அவர்.

ஒரு பழைய ஆஸ்டினில் ஆரம்பித்த கதை

சாப்மன் பிறந்தது 1928 மே 19, லண்டனை ஒட்டிய ரிச்மண்டில். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்தார். படிக்கும்போதே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். பாலமும் கட்டடமும் எடையை எப்படித் தாங்கும் என்பது பாடத்தில் கிடைத்தது. காற்று ஒரு இறக்கையை எப்படித் தூக்கும் என்பது விமானி இருக்கையில் புரிந்தது. பின்னாளில் அவர் செய்த எல்லாமே இந்த இரண்டு அறிவிலிருந்து வந்தவைதான்.

கைச்செலவுக்காகப் பழைய கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். 1947-ல் பிரிட்டனில் பெட்ரோல் ரேஷன் நெருக்கடி வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கையில் மிஞ்சியது பழைய ஆஸ்டின் 7 ஒன்று மட்டும். அதைப் பிரித்து, மாற்றிக் கட்டி, 1948-ல் உருவாக்கியதுதான் முதல் லோட்டஸ். 1952-ல் கம்பெனியாகப் பதிவு செய்தார். கொஞ்ச நாள் சம்பளத்துக்கு ஒரு அலுமினிய நிறுவனத்தில் வேலை, மிச்ச நேரமெல்லாம் கார்.

அவருடைய கொள்கை ரொம்ப சிம்பிள். இன்ஜின் சக்தியைக் கூட்டினால் நேர்ச்சாலையில்தான் வேகம் கிடைக்கும். எடையைக் குறைத்தால் திருப்பம், பிரேக், பிக்கப் என எல்லா இடத்திலும் லாபம். 1962-ல் வந்த லோட்டஸ் 25 ரேஸ் காரில் குழாய்ச் சட்டத்தையே தூக்கிவிட்டு, அலுமினியத் தகட்டை மடித்து உடலையே சட்டமாக்கினார். ஃபார்முலா ஒன் உலகம் அதைப் பார்த்து மாறியது. 1963-லும் 1965-லும் அவருடைய டிரைவர் ஜிம் கிளார்க் உலக சாம்பியன்.

விங் எப்படி வந்தது?

காருக்கு விங் மாட்டியதில் சாப்மன் முதல் ஆள் இல்லை. 1956-லேயே மைக்கேல் மே என்ற சுவிஸ் இன்ஜினீயர் ஒரு போர்ஷே ரேஸ் காரின் தலைக்கு மேல் விங் வைத்தார். அனுமதி கிடைக்கவில்லை. 1966-ல் அமெரிக்காவின் ஜிம் ஹால், சப்பரல் காரில் உயரமான விங்கைக் கொண்டுவந்தார். அதை ஃபார்முலா ஒன்னில் எல்லை வரை இழுத்துப் பார்த்தவர்களில் முன்னணியில் இருந்தவர் சாப்மன்.

விஷயம் இதுதான். விமான இறக்கை விமானத்தை மேலே தூக்கும். அதையே தலைகீழாக மாட்டினால் வண்டியைத் தரையோடு அழுத்தும். டயருக்குப் பிடிப்பு கூடும், திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்காது. எடை கூட்டாமலே எடை வைத்த மாதிரியான பலன் கிடைக்கும். இதற்குப் பெயர்தான் டவுன்ஃபோர்ஸ்.

விங்கும் ஸ்பாய்லரும் ஒன்றில்லை என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். விங் காரின் உடம்பிலிருந்து விலகி நிற்கும், அதன் மேலும் கீழும் காற்று போகும். ஸ்பாய்லர் உடம்போடு ஒட்டிய விளிம்பு. வளைந்த கூரையில் வழுக்கிப் போகும் காற்று, அதிவேகத்தில் காரின் பின்பக்கத்தை லேசாகத் தூக்கப் பார்க்கும். அந்த ஓட்டத்தை உடைத்துத் தூக்கலைக் குறைப்பது ஸ்பாய்லரின் வேலை.

1968 ஏப்ரலில் ஹாக்கன்ஹைமில் நடந்த ஃபார்முலா டூ போட்டியில் ஜிம் கிளார்க் லோட்டஸ் காரிலேயே இறந்தார். சாப்மனுக்கு அது பெரிய அடி. அடுத்த மாதம் மொனாக்கோவில் மூக்கில் சின்ன விங்குகளோடு வந்த லோட்டஸ் 49பி காரில் கிரஹாம் ஹில் ஜெயித்தார். சில மாதங்களில் அந்த விங்குகள் ஒல்லியான கம்பிகளின் மேல், டிரைவரின் தலையைத் தாண்டி உயர்ந்துவிட்டன. அந்த வருடப் பட்டமும் ஹில்லுக்குத்தான்.

பார்சிலோனாவில் உடைந்தது

1969 மே 4, பார்சிலோனாவின் மோன்ஷுயிக் தெருச் சுற்று. ஏறி இறங்கும் ஒரு மேட்டில் ஹில்லின் காரில் பின் விங் உடைந்து, கார் தடுப்பில் மோதியது. காரணத்தைப் புரிந்துகொண்ட ஹில், சக டிரைவர் யோகென் ரிண்ட்டை நிறுத்தச் சொல்லித் தகவல் அனுப்பினார். அதற்குள் அதே இடத்தில் ரிண்ட்டின் விங்கும் உடைந்தது. அவர் கார் ஹில்லின் காரிலேயே போய் மோதியது. ஹில் தப்பினார். ரிண்ட்டுக்கு முகத்தில் எலும்பு முறிவு.

எடை குறைய வேண்டும் என்று மெலிதாகச் செய்த தாங்கிகள், மேட்டைத் தாண்டும்போது மாறிய விசையைத் தாங்கவில்லை. அடுத்த மொனாக்கோ போட்டியிலேயே உயரமான விங்குகளுக்குத் தடை வந்தது. பிறகு தாழ்வான, கட்டுப்பாடான விங்குகளுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. இந்த முறை விங்குகளுக்கு எதிராக ரிண்ட் வெளிப்படையாகவே எழுதினார்.

அடுத்த வருடம் கதை தலைகீழ். 1970 செப்டம்பர் 5, இத்தாலியின் மான்சா. நீளமான நேர்ப்பாதைகள் கொண்ட சுற்று அது. காற்றை எதிர்க்கும் விங்கைக் கழற்றிவிட்டால் இன்னும் வேகம் கிடைக்கும். லோட்டஸ் 72 விங் இல்லாமல் இறங்கியது. இன்னொரு லோட்டஸ் டிரைவரான ஜான் மைல்ஸ், விங் இல்லாத கார் நேராகவே ஓடவில்லை என்று புகார் சொன்னார். ரிண்ட் அப்படியே தொடர்ந்தார். கடைசித் திருப்பத்துக்குப் பிரேக் போட்டபோது கார் தடுப்பில் மோதி அவர் இறந்தார். முன் பிரேக்கின் ஷாஃப்ட் உடைந்திருந்தது. விங் இல்லாததும் இதில் சேர்ந்ததா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அந்த வருட உலக சாம்பியன் பட்டம் இறந்த பிறகு ரிண்ட்டுக்கே போனது. ஃபார்முலா ஒன்னில் அப்படி நடந்தது அந்த ஒரே முறைதான்.

பார்சிலோனாவில் விங் உடைந்ததால் ஆபத்து, மான்சாவில் விங் இல்லாமல் தடுமாற்றம். 200, 300 கிலோமீட்டர் வேகத்தில் அது அலங்காரப் பொருளே இல்லை. உயிரோடு சம்பந்தப்பட்ட பாகம்.

தான் விற்ற காரில் அவர் என்ன செய்தார்?

1970-களின் பிற்பாதியில் சாப்மனின் குழு இன்னொரு படி போனது. காரின் அடிப்பக்கத்தையே தலைகீழ் இறக்கையாக வடிவமைத்து, தரையோடு உறிஞ்ச வைத்தது. 1978-ல் லோட்டஸ் 79 காரில் மரியோ ஆண்ட்ரெட்டி சாம்பியன். சாப்மன் காலத்தில் லோட்டஸுக்குக் கிடைத்தது மொத்தம் 7 கட்டமைப்பாளர் பட்டங்கள், 6 டிரைவர் பட்டங்கள்.

ஆனால் இதே ஆள், சாதாரண மக்கள் ஓட்ட விற்ற கார்களைப் பாருங்க. 1957-ல் வந்த எலீட் காரில் விங் கிடையாது. காற்றை வழுக்கிவிடும் உடல் வடிவம்தான் அதன் பெருமை. 1962-ல் வந்த எலான் காரிலும் விங் கிடையாது. கண்ணாடி இழை உடல், 700 கிலோவுக்கும் குறைவான எடை, கச்சிதமான சஸ்பென்ஷன். இன்றும் ஓட்டுவதற்குச் சுகமான கார்களின் பட்டியலில் அது வரும். 1980-ல் வந்த எஸ்பிரிட் டர்போவில் ஸ்பாய்லர் இருந்தது. ஏன்னா அது 240 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடிய கார். வேகம் கேட்டபோது வைத்தார், கேட்காதபோது எடையைக் குறைத்தார்.

சாப்மனை மகான் ஆக்கிவிடவும் முடியாது. அவருடைய கார்கள் மெலிசு, சீக்கிரம் உடைபவை என்ற பெயர் கடைசி வரை போகவில்லை. டிலோரியன் கார் திட்டத்தில் பெரிய தொகை மாயமான விவகாரத்தில் அவர் பெயரும் அடிபட்டது. வழக்கு முழுசாக வருவதற்குள், 1982 டிசம்பர் 16-ல் மாரடைப்பில் இறந்தார். வயது 54.

சரி, நம்ம ரோட்டுக்கு வருவோம்

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் 5 மடங்கானால் விசை 25 மடங்கு. ஒரு பேச்சுக்கு, 200 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோ அழுத்தம் தரும் விங் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டரில் அது தருவது வெறும் 4 கிலோ. டிக்கியில் ஒரு தண்ணி கேன் வைத்தால் அதைவிட அதிக எடை இருக்கும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. நம்ம ஊர் சின்ன கார்கள் பெரும்பாலும் முன் சக்கரங்களால் இழுக்கப்படுபவை. ஸ்டீயரிங்கும் முன்னால்தான். பின் அச்சுக்குப் பின்னால் விங் அழுத்தினால், சீசா பலகை மாதிரி முன்பக்கம் லேசாகும். மாட்டியவருக்கு வேண்டியதற்கு நேர் எதிர் வேலை.

அப்போ எல்லா ஸ்பாய்லரும் வீணா? இல்லை. ஹேட்ச்பேக் கூரையின் முடிவில் கம்பெனியே வைக்கும் சின்ன விளிம்பு, காற்றைச் சரியாகப் பிரித்துவிட்டு நெடுஞ்சாலையில் இழுவையைக் கொஞ்சம் குறைக்கும். ஜெர்மனியில் ஆடி டிடி காரின் முதல் மாடல்கள் அதிவேகத்தில் விபத்துக்குள்ளானபோது, அந்த நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்துப் பின் ஸ்பாய்லரும் மாட்டிக் கொடுத்தது. ஆனால் அது காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பாய்லர். கடையில் வாங்கி, டிக்கியில் ஓட்டை போட்டு மாட்டுவது அப்படி இல்லை. ஒழுங்காகப் பொருத்தவில்லை என்றால் பார்சிலோனாவில் நடந்தது சின்ன அளவில் இங்கேயும் நடக்கும். பின்னால் பைக்கில் வருபவர்தான் பாவம்.

சட்டத்தையும் பார்த்துக்கோங்க. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

வேகம் மேல் ஆசையே கூடாது என்று சொல்லவில்லை. வடசென்னையை ஒட்டிய சோழவரத்தில், உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் பல வருடம் கார் ரேஸ் நடந்திருக்கிறது. லோட்டஸ் தொழிற்சாலையும் 1966 முதல் ஹெத்தல் என்ற ஊரின் பழைய போர்க்கால விமான தளத்தில்தான் இருக்கிறது. 1995-ல் விமான விபத்தில் இறந்த கோவை கரிவரதன், மாருதி 800-ன் சின்ன இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் காரையே உருவாக்கினார். குறைந்த சக்தி, குறைந்த எடை. சாப்மன் போன அதே பாதை.

அதனால் விங்குக்கு வைத்திருக்கும் காசை நல்ல டயருக்கும் பிரேக் பேடுக்கும் போடுங்க. டிக்கியில் சும்மா கிடக்கும் சுமையை இறக்குங்க. கன்டெய்னர் லாரி திடீரென நிற்கும் எண்ணூர் சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்தில் உங்களைக் காப்பாற்றப் போவது அவைதான்.