கால் ஜேடரும் கியூபாவின் தாளமும்

1965இல் வெர்வ் நிறுவனம் வெளியிட்ட 'சோல் சோஸ்' என்ற இசைத்தட்டு ஓர் இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றது. ஜாஸ் இசையில் அது பெரிய எண்ணிக்கை. கணக்காளனாக இருப்பதால் எனது கண் முதலில் விற்பனையில்தான் போகிறது, பொறுத்தருள்க. அந்தத் தட்டின் நாயகர் கால் ஜேடர். கோல்களால் உலோகப் பட்டைகளைத் தட்டி இசைக்கும் வைபிரபோன்தான் அவரது வாத்தியம். இலத்தீன் இசையால் பெயர் பெற்றவர். ஆனால் அவர் இலத்தீன் நாட்டவர் அல்லர். சுவீடிஷ் வம்சாவழி அமெரிக்கர்.

1925 ஜூலை 16இல் சென் லூயிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் மேடைக் கலைஞர்கள். பின்னர் கலிபோர்னியாவின் சான் மத்தேயோவில் நடனப்பள்ளி நடத்தினார்கள். மகனும் சின்ன வயதிலேயே காலால் தாளம் தட்டி ஆடினார். யுத்தகாலத்தில் கடற்படையில் சேவை செய்து திரும்பியபின் சான் பிரான்சிஸ்கோவில் கல்லூரிக்குப் போனார். அக்காலத்தில் டேவ் புரூபெக்குடன் சேர்ந்து டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கினார். 1951இல் ஹவாயில் நீந்தும்போது புரூபெக் காயமடைய, அந்த மூவர் குழு கலைந்தது.

1953இல் ஜோர்ஜ் ஷியரிங் குழுவில் சேர்ந்ததுதான் திருப்பம். அக்குழுவின் பாஸ் வாத்தியக்காரர் அல் மெக்கிப்பன், நியூயோர்க்கில் கியூபா இசைக்குழுக்களைக் கேட்க அவரை அழைத்துச் சென்றார். விரைவிலேயே ஜேடர் கலிபோர்னியா திரும்பி, மாம்போ வாசிக்கும் தனிக்குழு அமைத்தார்.

வேறொரு மக்களின் தாளத்தை வெளியாள் எடுத்து வாசித்துப் பெயரும் பணமும் பெறலாமா? நாங்கள் இக்கேள்வியை இலேசில் கடந்துபோக மாட்டோம். 'சோல் சோஸ்' தட்டின் தலைப்புப் பாடல் டிசி கில்லெஸ்பியும் சானோ போசோவும் ஆக்கியது. போசோ ஹவானாவிலிருந்து நியூயோர்க் வந்த கொங்கா மேளக்காரர். 1948 டிசம்பரில் ஹார்லத்தில் ஒரு மதுச்சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 33. இறந்து பதினாறு ஆண்டுகளின் பின் அவரது மெட்டு ஒரு வெள்ளைக்காரரின் தட்டில் வானொலிகளில் ஒலித்தது.

ஆனால் ஜேடர் தனியாக வாசிக்கவில்லை. டிட்டோ புவென்டேயிடமிருந்து வந்த மொங்கோ சந்தமரியாவும் வில்லி போபோவும் 1950களின் பிற்பகுதியில் அவரிடம் சேர்ந்தனர். மொங்கோ ஹவானாவில் பிறந்தவர். போபோ நியூயோர்க்கில் வளர்ந்த புவெர்ட்டோ ரிக்கோ வம்சத்தவர். 'சோல் சோஸ்' தட்டிலும் அர்மாண்டோ பெராசா என்ற கியூபர் கொங்கா வாசித்தார். போபோவின் உற்சாகக் குரலும் அதில் கேட்கிறது. அந்தத் தாளத்தை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது அழகான, மெல்லிய மணியோசை மட்டுமே. ஜேடர் அதை அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் அத்தனை இடம் அவர்களுக்கு விட்டிருக்க மாட்டார்.

ஜாஸ் விமர்சகர்களிற் பலர் அவரது இசையை இலேசானது, கேளிக்கைக்கானது என்று ஒதுக்கினர். மில்ட் ஜாக்சன் அளவுக்கு அவரை மதித்தவர்கள் குறைவு. ஜாக்சனின் ஆழம் ஜேடரிடம் இல்லைத்தான். ஆனால் ஆடத் தூண்டுவது ஒரு குறையா? நடனப்பள்ளியில் வளர்ந்த பிள்ளை வேறெப்படி வாசிப்பான்?

1979இல் கொன்கோர்ட் நிறுவனத்துக்காக ஒலிப்பதிவு செய்த 'லா ஒண்டா வா பியென்' தட்டுக்கு 1981இல் சிறந்த இலத்தீன் இசைத்தட்டுக்கான கிராமி விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு குழுவுடன் பிலிப்பைன்ஸ் சென்றிருந்தபோது, மே 5ஆம் திகதி மணிலாவில் மாரடைப்பால் காலமானார். வயது 56.