இரத்தத்தின் இரும்பையும் படிக்கும் ராமன் ஒளி

ஜொகூர் பாரு, நவ. 21 – நோபல் பரிசு பெற்ற தமிழர் சர் சி.வி. ராமனின் நினைவு நாள் இன்று. அவரது பெயரை அறியாதவர் குறைவு. ஆனால், அவர் கண்டறிந்த ஒளி நம் இரத்தத்திலுள்ள இரும்பை ஆராயவும் உதவுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சி திருவானைக்காவலில் பிறந்த ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 18 வயதிலேயே அவரது ஆய்வுக் கட்டுரை இலண்டன் இதழில் வெளிவந்தது. இங்கிலாந்து சென்று படிக்க உடல்நிலை இடம் தரவில்லை. 1907இல் நிதித்துறைத் தேர்வில் வென்று, கல்கத்தாவில் கணக்குத்துறை அதிகாரியானார்.

பகலில் அலுவலகம்; காலையும் மாலையும் ஆய்வுக்கூடம். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1917இல் அரசுப் பதவியை விட்டு, குறைந்த சம்பளத்தில் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921ஆம் ஆண்டுக் கப்பல் பயணத்தில், மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. அதிலிருந்து தொடர்ந்த ஆய்வு 1928 பிப்ரவரி 28இல் பலன் தந்தது. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறுகிறது. அந்த மாற்றம், மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். இதற்காக 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

அந்தச் சோதனைகளில் தோள் கொடுத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். கண்டுபிடிப்பின் அறிவிப்பு இருவர் பெயரிலும் வெளிவந்தது. பரிசோ ராமனுக்கு மட்டுமே. கிருஷ்ணனையும் இன்று நினைக்க வேண்டும்.

லேசர் வந்த பின் ராமன் முறை புரத ஆய்வுக்குள் நுழைந்தது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இரும்பு கொண்ட ஒரு புரதம். அதில் எந்த அணு எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்ரே படிக ஆய்வு சொல்கிறது. இரும்பும் ஆக்சிஜனும் எவ்வளவு உறுதியாகப் பிணைந்துள்ளன என்பதை ராமன் ஒளி சொல்கிறது. இரும்பின் எலெக்ட்ரான் நிலையைக் காந்தப்புலச் சோதனைகள் சொல்கின்றன. ஒரு முறை மட்டும் போதாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு அமைப்பு புரியும்.

புரத வடிவ ஆய்வில் உலகப் புகழ் பெற்ற ஜி.என். ராமச்சந்திரனும் பெங்களூரில் ராமனின் மாணவரே. ராமன் அதே நகரில் 1970இல் மறைந்தார்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பி, இரவில் புத்தகத்தைத் திறக்கும் ஜொகூர் இளைஞர்களுக்கு, ராமனின் அந்தப் பத்து ஆண்டுகள் அந்நியமானவை அல்ல.