மாதிரிக் கப்பலில் காணாத பங்குதாரர்கள்

சிறிய அளவில் வடிக்கப்பட்ட போர் டாங்கிகளைச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிய டாங்கியைக் கையில் எடுத்ததும் அவர்கள் தேடுவது, அதன்மீது எழுதப்பட்ட எண்ணையும் குறியீட்டையும்தான். அது எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தது, எந்தக் களத்தில் நின்றது, உள்ளே இருந்தவர்கள் யார் என்பவை தெரிந்தால்தான் அந்தப் பொருளுக்கு மதிப்பு. 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில் 21 வயதில் உயிர்நீத்த அருண் கேத்தர்பாலின் ‘ஃபாமகுஸ்தா’ டாங்கி, பூனா குதிரைப்படையின் வரலாற்றோடு சேர்த்தே இன்றும் நினைக்கப்படுகிறது.

தூத்துக்குடிக்கும் அப்படியொரு மாதிரி வடிவம் உண்டு. அது டாங்கி அன்று, கப்பல். வ.உ.சிதம்பரனாரின் பிறந்த நாளான செப்டம்பர் 5 நெருங்கினால், பள்ளிப் பிள்ளைகள் அட்டையிலும் தெர்மாகோலிலும் அதைச் செய்துவிடுகின்றனர். புகைபோக்கி இருக்கும், கொடி இருக்கும், மேல்தளத்தில் தலைப்பாகையுடன் வ.உ.சி. நிற்பார். அத்தகைய பல கப்பல்களை நான் கண்டிருக்கிறேன். அவை எவற்றிலும் வேறு மனிதர்கள் இருந்ததில்லை. இந்தக் கப்பலின் படைப்பிரிவு எது என்று கேட்கத் தோன்றுகிறது.

1872-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., வழக்குரைஞராகத் தூத்துக்குடிக்கு வந்தவர். முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இக்கரையில், ஆழமின்மையால் பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். சரக்கும் பயணிகளும் தோணிகளில் சென்றுதான் ஏறவேண்டும். கொழும்புக்குச் செல்லும் இவ்வழியின் ஆதாயமெல்லாம் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. முத்தெடுத்தவர்களும் தோணி செலுத்தியவர்களும் வாழ்ந்த கரையில் கடல்வழி அந்நியருக்கு உரியதாக இருந்தது. இந்த முரணை வணிகத்தாலேயே தீர்க்க முனைந்தார் வ.உ.சி.

1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவுபெற்றது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கி 2 லட்சம் ரூபாய் அளித்தார். பெருநிலக்கிழார், இஸ்லாமிய வணிகர், வழக்குரைஞர், சிறுகடைக்காரர் எனப் பலரும் ஒரே பதிவேட்டில் இடம்பெற்றனர். கப்பலுக்கு முன்பே மிதந்தது இந்தக் கூட்டு நம்பிக்கைதான்.

முதலில் மும்பையின் ஷாலைன் நிறுவனத்திடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தனர். ஆங்கிலேய நிறுவனத்தின் நெருக்குதலால் அந்த ஏற்பாடு முறிந்தது. கொழும்பிலிருந்து வாடகைக் கப்பல் பிடித்துச் சமாளித்தனர். சொந்தக் கப்பலின்றி நிலைக்க முடியாது என உணர்ந்த வ.உ.சி., கப்பலோடு திரும்புவது, இல்லையேல் கடலில் மாய்வது என்ற உறுதியுடன் மும்பைக்குப் புறப்பட்டார் என்பர். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாயின.

அதன்பின் நடந்தது கட்டணப் போர். ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது. அடுத்து, இலவசப் பயணமும் கூடவே ஒரு குடையும் தருவதாக எதிர்த்தரப்பு அறிவித்தது. நட்டத்தைத் தாங்கும் பேரரசின் பணப்பை ஒருபக்கம். 25 ரூபாய்ப் பங்குகள் மறுபக்கம்.

1908 தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வ.உ.சி. முன்னின்று நடத்தினார். தொழிலாளர் வென்றனர். ஆனால், அரசின் கோபம் முற்றியது. வணிகமும் அரசியலும் ஒரே கப்பலில் செல்லலாகாது என்ற அச்சம் நிறுவனத்துக்குள்ளேயும் தலைதூக்கியது. மார்ச் 12 அன்று அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டுகளாகக் குறைந்தது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்த காலத்தில், வெளியே நிறுவனம் தலைமையின்றித் தள்ளாடியது. 1911-இல் அது கலைக்கப்பட்டது, கப்பல்கள் கைமாறின. அடக்குமுறை ஒரு காரணம் என்றால், அச்சத்தால் பின்வாங்கிய நம்மவர்கள் இன்னொரு காரணம். இரண்டாவதைச் சொல்ல நாம் இன்றும் தயங்குகிறோம்.

1912 டிசம்பர் 24 அன்று கண்ணூர்ச் சிறையிலிருந்து அவர் வெளிவந்தபோது வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. வழக்குரைஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை நடத்தியும் பிழைப்பு நகரவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கெனத் திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்த சிறு தொகை, நெடிய கடிதப் போக்குவரத்துக்குப் பின் 1916-இல்தான் கைக்கு வந்தது. பின்னர், வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி உரிமத்தை மீட்டுத்தர உதவினார்; நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. வறுமையிலும் திருக்குறளுக்கு உரை எழுதினார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.

2011-இல் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய பயணியர் கப்பல் சேவை சில மாதங்களில் நின்றுபோனது. பெயர் நிலைத்தது, வழி நிலைக்கவில்லை.

ஒருவரை மாவீரராக்கிவிட்டால், மற்றவர்களின் கடமை பற்றிய கேள்வி எழுவதில்லை. வ.உ.சி.யைத் தனியொருவராகக் கப்பலில் நிறுத்தும்போது நாம் செய்வது அதுதான். அவர் வேண்டியது கைதட்டலை அன்று. பங்கு வாங்குவோரை, நட்டம் வந்தாலும் விலகாமல் நிற்போரை. பிள்ளைகள் இனிச் செய்யும் மாதிரிக் கப்பல்களின் அடியில் 40,000 பங்குகள், ஒன்றின் விலை 25 ரூபாய் என்று எழுதட்டும். அந்தப் பங்குகள் ஏன் காப்பாற்றப்படவில்லை என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அதற்கு நேர்மையாக விடை சொல்வதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி.