வில்லிஸ் காரியர்

பெருஞ்செயல்களைக் கண்டு மலைத்து நிற்பவர் பலர். அவற்றைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றாகச் செய்து முடித்து வெற்றி காண்பவர் சிலரே. அச்சிலருள் ஒருவர், காற்றைப் பதப்படுத்தும் கலையை அளவும் கணக்கும் உடைய அறிவியலாக்கிய வில்லிஸ் காரியர் ஆவார்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரியை அடுத்துள்ள அங்கோலா என்னும் சிற்றூரில், 1876-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் காரியர் பிறந்தார். அவர்தம் குடும்பம் உழவர் குடும்பம். அன்னையார் எலிசபெத் கைத்திறம் மிக்கவர்; வீட்டிலுள்ள கடிகாரமோ தையற்பொறியோ பழுதுற்றால் தாமே செப்பனிடுவார்.

இளமையில் காரியருக்குப் பின்னக் கணக்கு விளங்கவில்லை. அதனை உணர்ந்த அன்னையார், நிலவறையிலிருந்து ஆப்பிள் பழங்களை எடுத்துவரச் செய்தார். அவற்றை அரை, கால், அரைக்கால் எனத் துண்டாக்கி, அத்துண்டுகளைக் கொண்டே கூட்டவும் கழிக்கவும் கற்பித்தார். எத்துணைக் கடினமான கணக்கும் பகுத்து நோக்கின் எளிதாகும் என்பதை அன்று அச்சிறுவர் உணர்ந்தார். அவருடைய 11-ஆம் வயதில் அன்னையார் மறைந்தார். அவர் புகட்டிய பாடமோ இறுதிவரை மறையவில்லை.

செல்வ வளம் இல்லாத காரியர், சில காலம் ஆசிரியராகப் பணியாற்றிய பின்னரே கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர இயன்றது. அங்கு உதவித்தொகை பெற்றதோடு, பிறர் வீடுகளில் புல் வெட்டியும் கணப்பு உலைகளைப் பேணியும் செலவுக்குப் பொருள் ஈட்டினார். 1901-இல் பொறியியற் பட்டம் பெற்று, பஃபலோ நகரத் தொழிற்சாலை ஒன்றில் வாரம் 10 டாலர் ஊதியத்திற்கு அமர்ந்தார்.

மறு ஆண்டிலேயே அவர் அறிவுக்கு ஒரு சோதனை வந்தது. புரூக்ளின் நகரில் வண்ணப் படங்களை அச்சிடும் அச்சகம் ஒன்று இருந்தது. ஒரே தாளில் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியே பதிக்க வேண்டும். கோடையில் காற்றின் ஈரத்தை ஏற்றுத் தாள் விரியும். காற்று உலர்ந்தால் சுருங்கும். அதனால் வண்ணங்கள் தத்தம் இடத்தில் பொருந்தாமல் விலகிப்போயின. தாளும் உழைப்பும் வீணாயின. இக்குறையைக் களையும் பொறுப்பு, 25 வயதே நிரம்பிய காரியரிடம் வந்தது.

குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே நீர்த்துளிகள் அரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். காற்று ஓர் அளவுக்குமேல் குளிர்ந்தால் தன்னிடமுள்ள ஈரத்தை நீராக உகுத்துவிடும். காரியர் இவ்வுண்மையையே பற்றிக்கொண்டார். அறையைச் சூடாக்க நீராவி செலுத்தும் குழாய்ச் சுருள்களில் குளிர்நீரைச் செலுத்தி, விசிறியால் காற்றை அவற்றின்மீது ஓடச் செய்யலாம் எனக் கருதினார். சுருளின் பரப்பு, அதன் குளிர்ச்சி, காற்றின் விரைவு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட்டார். காற்றின் ஈரத்தை நூற்றுக்கு 55 என்னும் அளவில் நிறுத்துவதற்கான வரைபடங்கள் 1902 ஜூலை 17-ஆம் நாளிட்டவை. மனிதர் உடல் குளிரவேண்டும் என்பதற்காகவன்றி, தாள் விரியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கருவி தோன்றியது!

1906-இல், நீரைத் தூவியே காற்றைப் பதப்படுத்தும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1911-இல் காற்றின் வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் உள்ள தொடர்பை விளக்கும் கணக்கு முறைகளைப் பொறியாளர் சங்கத்தின்முன் வைத்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் அவர் பணியாற்றிய பிரிவு மூடப்படும் நிலை நேர்ந்தது. அவர் மனந்தளரவில்லை. தோழர் அறுவருடன் சேமிப்புகளைத் திரட்டி, 1915-இல் சொந்த நிறுவனம் கண்டார். 1925-இல் நியூயார்க் நகரத்து ரிவோலி திரையரங்கில் அவருடைய குளிர்பொறி இயங்கத் தொடங்கியது. வழக்கம்போல் கைவிசிறிகளோடு வந்திருந்த மக்கள், அரங்கு குளிரக் குளிர அவற்றை ஒவ்வொருவராய்க் கீழே வைத்தனர். அறிஞர் காரியர் 1950 அக்டோபர் 7-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இன்றைய வீட்டுக் குளிர்பொறியிலும் காற்றைச் சுருளின்மீது செலுத்தும் முறையே அமைந்துள்ளது. உள்ளேயுள்ள சுருள் அறையின் வெப்பத்தை ஏற்கும். வெளியேயுள்ள சுருள் அவ்வெப்பத்தைப் புறக்காற்றில் விடும். காற்றுத் தொடும் பரப்பு மிகவேண்டும் என்பதற்காகச் சுருளின்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருங்க அடுக்கப்பட்டுள்ளன. அவை வளைந்து ஒன்றோடொன்று ஒட்டினால் காற்றோட்டம் தடைப்படும். வெப்பம் வெளியேறாது தங்கும். கம்ப்ரசர் மிகுதியாக உழைத்து மின்சாரத்தை விழுங்கும். அப்பொழுது மின்னிணைப்பைத் துண்டித்து, தூசியைத் துடைத்து, தகட்டின் இடைவெளிக்கு ஏற்ற பற்களையுடைய சீப்பினால் வளைவுகளை மெல்ல மெல்ல நிமிர்த்தல் வேண்டும். வலிந்து அழுத்தினால் தகடு கிழியும், குழாயும் ஊறுபடலாம். பொறுமையுடன் ஒவ்வொரு தகடாக நிமிர்ப்பவர், அன்று ஆப்பிள் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிய அச்சிறுவர் சென்ற நெறியிலேயே செல்கின்றார். சிறியதைச் செம்மையாகச் செய்பவரே பெரியதையும் முடிப்பர் என்பதைக் காரியர்தம் வாழ்வினின்றும் நாம் கற்போமாக.