அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரி: வாளை எடுத்த நாளும் வைத்த நாளும்

ஒரு கோதுமைக் கடனில்தான் எல்லாம் தொடங்கியது. பிரெஞ்சுப் புரட்சியை அடுத்த ஆண்டுகளில் பிரான்ஸ் தன் படைகளுக்காக அல்ஜீரியாவிலிருந்து இடைத்தரகு வணிகர்கள் மூலம் கோதுமை வாங்கியது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கணக்கு தீரவில்லை. 1827-ல் அல்ஜியர்ஸின் ஆட்சியாளர் ஹுசைன் பாஷா அதைப் பற்றிக் கேட்டபோது பேச்சு முற்றியது. கையிலிருந்த ஈ விரட்டும் விசிறியால் பிரெஞ்சுத் தூதரை அவர் அடித்துவிட்டார். அதை அவமானமாக்கிக் கடலை முற்றுகையிட்ட பிரான்ஸ், 1830 ஜூன் 14 அன்று படையை இறக்கியது. ஜூலை 5 அன்று நகரம் வீழ்ந்தது. கடன் பட்டவன் கடன் கொடுத்தவரின் கஜானாவையே எடுத்துக்கொண்டான்.

உஸ்மானிய அதிகாரம் சரிந்ததும் நாட்டின் மேற்குப் பகுதி தலைவனற்றுத் தவித்தது. முஅஸ்கர் நகருக்கு அருகே வாழ்ந்த காதிரிய்யா தரீக்காவின் ஷைகு முஹ்யித்தீனிடம் கபீலாக்கள் வந்து நின்றன. முதுமையைக் காரணம் காட்டி மறுத்த அவர், தம் மகனைக் காட்டினார். 1808-ல் பிறந்த அந்த இளைஞருக்கு அப்போது 24 வயது. பெயர் அப்துல் காதிர். தந்தை பெயரையும் மகன் பெயரையும் பார்த்தாலே நமக்கு விஷயம் புரிந்துவிடும். ரபீஉல் ஆகிர் வந்தால் முஹ்யித்தீன் ஆண்டகை மவ்லிது ஓதும் நம் ஊர்களில் இந்த இரண்டு பெயரும் இல்லாத தெரு ஏது?

இளமையிலேயே குர்ஆனை மனனம் செய்து ஹாபிழானவர் அவர். தந்தையுடன் ஹஜ் செய்து, டமாஸ்கஸ், பக்தாத் வரை போய், ஜீலானி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தை ஜியாரத் செய்து திரும்பியவர். வழியில் எகிப்தில் முஹம்மது அலி பாஷா உருவாக்கிக்கொண்டிருந்த புதிய ராணுவத்தையும் கண்டார். கிதாபும் தஸ்பீஹுமாக வாழ்ந்திருக்க வேண்டிய அவருக்கு, 1832 நவம்பர் 27 அன்று ஒரு மரத்தடியில் பைஅத் செய்யப்பட்டது. ஹுதைபிய்யாவின் மரத்தடி பைஅத்தை அங்கிருந்தவர்கள் நினைக்காமல் இருந்திருக்க முடியாது. சுல்தான் என்ற பட்டத்தை அவர் ஏற்கவில்லை. அமீர் என்றே அழைக்கப்பட்டார்.

பொதுவாக அவருடைய போர்களைத்தான் பேசுகிறோம். எனக்கு அவருடைய வரி விதிப்பு அதைவிட முக்கியமாகப் படுகிறது. துருக்கியர் காலத்தில் சில கபீலாக்கள் வரி கட்டாமல், மற்றவர்களிடம் வரி வசூலித்துக் கொடுத்து வாழ்ந்தன. அமீர் அந்தச் சலுகையை நீக்கி, எல்லோருக்கும் உஷ்ரும் ஜகாத்தும் ஒன்றே என்றார். சலுகை இழந்த துவைர், ஸ்மேலா கபீலாக்கள் பிரெஞ்சுக்காரர்களின் பக்கம் போயின. அந்நியனை எதிர்த்து எழுந்தவருக்கு எதிராகச் சொந்த மக்களே எழுந்தனர். எதிரியுடன் சேர்ந்த முஸ்லிமை ஷரீஅத் எப்படி நடத்தச் சொல்கிறது என்று ஃபாஸ் நகரத்து உலமாக்களுக்கு அவர் கேள்விகள் எழுதி அனுப்பினார். கிளர்ச்சி செய்யும் முஸ்லிம்களைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு. மதரஸாவில் நாங்கள் அதை ஓதிவிட்டுக் கடந்துவிடுவோம். அவருக்கோ அது அன்றாடப் பிரச்சினை.

1834-ல் ஒரு ஒப்பந்தம். அந்தக் கபீலாக்களின் விஷயத்திலேயே அது முறிந்து, 1835-ல் மக்தா என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை பெருந்தோல்வி கண்டது. 1837-ல் தஃப்னா ஒப்பந்தம். நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு அமீரின் ஆட்சியில் இருப்பதைப் பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது. ஆனால் அரபுப் பிரதியும் பிரெஞ்சுப் பிரதியும் ஒன்றையே சொல்லவில்லை. யார் யாருக்குக் கீழ் என்ற இடத்திலேயே வாசகம் மாறியிருந்தது. கிடைத்த இடைவெளியில் அமீர் நாணயம் அச்சிட்டார், ஆயுதப் பட்டறை அமைத்தார், நிரந்தரப் படையை உருவாக்கினார். 1839 அக்டோபரில் தம்முடையது என அவர் கருதிய மலைவழியே பிரெஞ்சுப் படை அணிவகுத்துச் சென்றது. அடுத்த மாதமே ஜிஹாத் அறிவிக்கப்பட்டது.

இம்முறை எதிரே இருந்தவர் தஃப்னாவில் கையெழுத்திட்ட அதே தளபதி புகோ. இப்போது அவர் நாட்டின் கவர்னர் ஜெனரல். படையை மட்டும் தோற்கடித்துப் பயனில்லை, அதற்குச் சோறு போடும் மக்களைப் பட்டினி போட வேண்டும் என்பது அவருடைய முறை. விளைந்த வயல்கள் எரிந்தன. ஒலிவ மரங்கள் வெட்டப்பட்டன. அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சுப் படையின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1843 மே 16 அன்று, பல்லாயிரம் பேர் கூடாரங்களில் வாழ்ந்த அமீரின் நடமாடும் தலைநகர் பிடிபட்டது. அவர் தேடித் தேடிச் சேர்த்த நூலகமும் அன்று அழிந்தது. 1845 ஜூனில் தஹ்ரா மலைக்குகையில் ஒளிந்திருந்த ஒரு கபீலாவை, வாசலில் தீமூட்டிப் புகையால் கொன்றார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என நூற்றுக்கணக்கானோர் இறந்தனர்.

அமீரோ, எதிரியை உயிரோடு பிடித்து வருபவருக்கே வெகுமதி என்று தம் படைக்குச் சட்டம் இயற்றியிருந்தார். இருந்தும் 1846-ல், அவர் வேறிடத்தில் இருந்தபோது அவருடைய முகாமில் பிரெஞ்சுக் கைதிகள் கொல்லப்பட்டனர். அவருடைய வரலாற்றில் அது ஒரு கறை. அதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

மொரோக்கோ அவருக்குப் புகலிடம் தந்தது. 1844-ல் இஸ்லி போரில் தோற்ற பிறகு அதுவும் கைவிட்டது. 1847 டிசம்பரில் முன்னால் பிரெஞ்சுப் படை, பின்னால் மொரோக்கோ படை, நடுவில் பெண்களும் காயம்பட்டவர்களும். கிழக்கே ஏதேனும் முஸ்லிம் நாட்டுக்கு அனுப்புவோம் என்ற வாக்குறுதியைப் பெற்று அமீர் வாளை வைத்தார். கப்பல் சென்றதோ பிரான்ஸின் தூலோன் துறைமுகத்துக்கு. தூலோன், போ, அம்புவாஸ் என்று ஐந்தாண்டுச் சிறை. பிரான்ஸிலேயே வசதியாக வாழலாம், வாக்குறுதியை மட்டும் விட்டுவிடுங்கள் என்ற பேரத்தை அவர் ஏற்கவில்லை. கூட வந்தவர்களில் 25 பேர் அம்புவாஸ் கோட்டையிலேயே இறந்தனர். 1852 அக்டோபரில் லூயி நெப்போலியன் நேரில் வந்து விடுதலையை அறிவித்தார். புர்ஸாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1855-ல் டமாஸ்கஸில் குடியேறி உமவி பள்ளிவாசலில் பாடம் நடத்தினார்.

அங்கேயும் ஒரு கலகம் காத்திருந்தது. 1856-ல் உஸ்மானிய அரசு எல்லாக் குடிமக்களும் சமம் என்று அறிவித்தது. படைச் சேவைக்கு ஈடான வரியைக் கிறிஸ்தவர்கள் கட்ட மறுத்ததும், ஐரோப்பியத் தூதரகங்களின் தலையீடும், வணிகப் பொறாமையும் சேர்ந்து பகை வளர்ந்தது. லெபனான் மலையில் துரூஸ்களுக்கும் மாரோனியர்களுக்கும் மூண்ட சண்டையின் செய்தி அதில் நெருப்பு வைத்தது. 1860 ஜூலை 9 அன்று டமாஸ்கஸின் கிறிஸ்தவர் தெருக்களில் கொலை தொடங்கியது. அமீர் தம்முடன் வந்து குடியேறியிருந்த அல்ஜீரியர்களைத் திரட்டி அந்தத் தெருக்களுக்குள் அனுப்பினார். மீட்கப்பட்டவர்கள் அவர் வீட்டில் நிரம்பினார்கள். இடம் போதாமல் கோட்டைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். கிறிஸ்தவர் ஒருவரை உயிரோடு கொண்டு வருபவருக்குப் பணம் என்றும் அறிவித்தார். வீட்டு வாசலுக்கு வந்து அவர்களை ஒப்படைக்கச் சொன்ன கூட்டத்தின் முன் தாமே நின்று மறுத்தார். ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர். தம் மண்ணைப் பறித்தவர்களின் மதத்தைச் சேர்ந்தவர்கள் என்ற எண்ணம் அவரை நிறுத்தவில்லை.

கலகத்தால் யாருக்கு லாபம்? பிரெஞ்சுப் படை லெபனானில் இறங்கியது. லெபனான் மலைக்கு 1861-ல் தனி நிர்வாகம் அமைந்தது. டமாஸ்கஸ் ஆளுநருக்கு உஸ்மானிய அரசே மரண தண்டனை விதித்தது. அமீருக்குப் பிரான்ஸின் உயர்ந்த விருதும், ஆபிரகாம் லிங்கன் அனுப்பிய துப்பாக்கிகளும் வந்தன. இவற்றைவிட மதிப்புள்ள பாராட்டு ரஷ்யாவில் இருந்து வந்தது என்பேன். காக்கேசிய மலைகளில் பல்லாண்டு போராடிக் கைதியாகியிருந்த இமாம் ஷாமில், அமீரின் செயலைப் புகழ்ந்து கடிதம் எழுதினார். அந்தப் போராளிக்கு இந்தப் போராளியைப் புரிந்தது.

1871-ல் அல்ஜீரியாவில் மீண்டும் பெருங்கிளர்ச்சி. பஞ்சத்தில் ஏராளமானோர் மடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இனி ஆளப்போவது நிலம் பறிக்கும் குடியேறிகள்தான் என்ற அச்சம் வேறு. முக்ரானி தலைமையில் எழுந்த அதில் சேர அமீரின் மகனே புறப்பட்டுப் போனார். அமீர் அந்த மகனைக் கைவிட்டார். இனி பிரான்ஸுக்கு எதிராக வாள் எடுப்பதில்லை என்று கொடுத்த வாக்கு அவரைக் கட்டியிருந்தது. தமக்குக் கொடுத்த வாக்கை ஐந்தாண்டு மீறியவர்களுக்குத் தாம் கொடுத்த வாக்கை இவர் ஏன் காக்க வேண்டும் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. வாக்கை மீறினால் அவர் அவராக இருந்திருக்க மாட்டார் என்பதையும் தள்ள முடியவில்லை. அந்தக் கிளர்ச்சி நசுக்கப்பட்டு, லட்சக்கணக்கான ஏக்கர் நிலம் பறிமுதலானது.

அமீர் 1883 மே மாதம் டமாஸ்கஸில் வஃபாத்தாகி, தாம் நேசித்த இப்னு அரபி (ரஹ்) அவர்களின் அருகில் அடக்கப்பட்டார். நகரம் வீழ்ந்த அதே ஜூலை 5 அன்று, 132 ஆண்டுகள் கழித்து, 1962-ல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. 1966-ல் அவருடைய உடல் எச்சங்கள் தாய்மண்ணுக்குக் கொண்டு வரப்பட்டன. அம்புவாஸ் கோட்டைத் தோட்டத்தில் அந்த 25 பேரின் கப்ருகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.