வெற்றிடமும் விடாதே!

ஏட்டிலே வரவேண்டிய செய்தியைத் தணிக்கை அதிகாரி வெட்டுகிறார். வெட்டிய இடம் வெள்ளையாக வருகிறது. படிக்கிறவன் அந்த வெள்ளையைப் பார்க்கிறான். இங்கே ஏதோ இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று அவனுக்குப் புரிகிறது. வாயில்லாத அந்த வெற்றிடமே ஒரு சாட்சி! 1937-ல் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரிலே அந்தச் சாட்சிக்கும் முடிவு கட்டினார்கள். வெட்டிய இடத்தை வெறுமையாக விடக்கூடாது, வேறு எதையாவது போட்டு நிரப்பு என்று ஆணை பிறந்தது. பிறகு எது வெட்டப்பட்டது, எது வெட்டப்படவில்லை என்று எவன் அறிவான்?

அந்தக் கொடுமையைக் கண்ணாரக் கண்டு எழுதி வைத்தவர் ஓர் ஆங்கிலேயர். பெற்றோர் இட்ட பெயர் எரிக் ஆர்தர் பிளேர். உலகம் அறிந்த பெயர் ஜார்ஜ் ஆர்வெல்.

அவர் பிறந்த மண் எது தெரியுமா, தோழர்களே? பீகாரிலே உள்ள மோதிஹாரி! தந்தை வெள்ளை அரசின் அபினி இலாகாவிலே உத்தியோகம் பார்த்தவர். 1903-ல் பிறந்த பிள்ளையைத் தாய் சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றுவிட்டார். பத்தொன்பது வயதில் அந்தப் பிள்ளை பர்மாவுக்குப் போலீஸ் அதிகாரியாக வந்து, ஐந்தாண்டுகள் ஏகாதிபத்தியத்தின் தடியைச் சுமந்தது. 1927-ல் வெறுத்துப்போய் வேலையை உதறினார். ஏழைகளோடு சேர்ந்து ஓட்டலிலே பாத்திரம் கழுவினார். 1936-ல் விகன் நகரத்துச் சுரங்கத்துக்குள் இறங்கினார். நெடிய உருவம் அவருக்கு. முதுகு ஒடியக் குனிந்து போனபோதுதான், நிலக்கரி வெட்டுகிறவனின் உழைப்பு வேலை தொடங்கும் இடத்தை அடைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்று உணர்ந்தார். அந்த நடைக்குக் கூலி கிடையாது!

அதே ஆண்டின் இறுதியிலே ஸ்பெயின் சென்றார். பிராங்கோவை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தினார். 1937 மே மாதம் குண்டு ஒன்று அவர் தொண்டையைத் துளைத்தது. உயிர் பிழைத்தது வியப்பு. அதைவிட வியப்பு அடுத்து நடந்தது. அவர் சேர்ந்திருந்த போராளிகளின் கட்சியையே துரோகக் கூட்டம் என்று சொல்லித் தடை செய்தார்கள். கூடப் போரிட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். மனைவியுடன் எல்லை தாண்டித் தப்பி வந்தவர், கண்டதை எழுத முனைந்தார். நியூ ஸ்டேட்ஸ்மன் என்ற இடதுசாரி வார ஏடு அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. வழக்கமாக அவர் நூல்களை அச்சிட்ட கொல்லான்ஸ், எழுதி முடிப்பதற்கு முன்பே வேண்டாம் என்றார். வேறு பதிப்பகத்தில் 1938-ல் வெளிவந்த அந்த நூல், அச்சடித்த 1,500 படிகள்கூட அவர் சாகும்வரை விற்றுத் தீரவில்லை.

போர்க்காலத்திலே பி.பி.சி. வானொலியின் இந்தியப் பகுதியில் பணியாற்றினார். 1941 முதல் 1943 வரை, நம் நாட்டை நோக்கி ஒலித்த பேச்சுக்களை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஒவ்வொரு பேச்சும் தணிக்கை முத்திரை பெற்ற பிறகே ஒலிபெருக்கிக்குப் போகும். அவர் மனைவி ஐலீனோ தணிக்கை இலாகாவிலேயே வேலை பார்த்தவர். வெட்டும் கத்தரியை வீட்டிலும் பார்த்தார், அலுவலகத்திலும் பார்த்தார்!

1944 பிப்ரவரியில் விலங்குப் பண்ணைக் கதையை எழுதி முடித்தார். ஸ்டாலின் ஆட்சியைப் பன்றிகளின் ஆட்சியாகக் காட்டும் கதை. ரஷ்யா அப்போது பிரிட்டனுக்கு நண்பன். கொல்லான்ஸ் மறுத்தார். ஜோனதன் கேப் முதலில் ஒப்புக்கொண்டு, அரசின் தகவல் அமைச்சகத்து அதிகாரி ஒருவர் காதைக் கடித்ததும் பின்வாங்கினார். (அந்த அதிகாரி சோவியத்தின் ஒற்றர் என்பது பின்னாளில் வெளிவந்த சங்கதி.) பெரும் கவிஞர் எலியட், பேபர் பதிப்பகத்தின் சார்பில் மரியாதையாகக் கைவிரித்தார். சட்டம் தடுத்ததா? இல்லை. போலீஸ் வந்ததா? இல்லை. எவரும் தடை போடவில்லை. ஆயினும் புத்தகம் வெளிவரவில்லை! தணிக்கையிலேயே கொடியது இதுதான் என்போம் நாம். அதிகாரி வெட்டினால் சண்டை போடலாம். தன் வாயைத் தானே தைத்துக்கொண்டவனோடு என்ன சண்டை போடுவது? போர் முடிந்த 1945 ஆகஸ்டிலேதான் நூல் வெளிவந்தது.

அதன் உக்ரைன் மொழிபெயர்ப்பு ஜெர்மனி அகதி முகாம்களில் வாழ்ந்த உழைப்பாளிகளுக்காக அச்சானது. ஆர்வெல் அதற்குக் காசு வாங்கவில்லை. 1947-ல் தனி முன்னுரையும் எழுதித் தந்தார். அமெரிக்க ராணுவ அதிகாரிகளோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைப் பறித்து ரஷ்யர்களிடம் கொடுத்துவிட்டார்கள். சுதந்திரத்தின் காவலர்கள்!

காசநோய் நெஞ்சை அரித்த நிலையில், ஜூரா என்ற ஒதுக்குப்புறத் தீவிலே 1984 நாவலை எழுதினார். அதன் நாயகன் வின்ஸ்டனுக்கு என்ன வேலை? பழைய செய்தித்தாள்களைத் திருத்துவது! ஆட்சி சொன்னது பொய்த்தால், பழைய ஏட்டையே மாற்றி அச்சடித்து, உண்மை ஏட்டை நெருப்பிலே போடுவது. பார்சலோனாவின் நிரப்பப்பட்ட வெற்றிடம் இங்கே ஒரு நாடாகவே வளர்ந்து நிற்கிறது. அங்கே அகராதியும் ஆண்டுக்காண்டு மெலிகிறது; சொல் போனால் எண்ணமும் போகும் என்ற கணக்கு. பெற்ற மகளே தந்தையைக் காட்டிக் கொடுக்கிறாள். அவனோ அவளைப் பெற்றதற்காகப் பெருமைப்படுகிறான். அந்த இடத்தைப் படித்தபோது நமக்கு உடல் நடுங்கியது.

மாசே இல்லாத மனிதரா அவர்? அப்படி எழுத நாம் தயாராக இல்லை. 1949-ல் நோய்ப்படுக்கையிலிருந்து, நம்பத் தகாதவர்கள் என்று 38 பேரின் பெயர்களைப் பிரிட்டிஷ் அரசின் ரகசியப் பிரசார இலாகாவுக்குக் கொடுத்தார். காட்டிக் கொடுப்பதைப் பற்றி அப்படி எழுதிய கை இதையும் எழுதியது.

1949 ஜூனில் நாவல் வந்தது. 1950 ஜனவரி 21-ல் லண்டன் மருத்துவமனையிலே இறந்தார். வயது 46.

செத்த பிறகும் கத்தரி விடவில்லை. அமெரிக்க உளவுத்துறை மறைவில் பணம் போட்டு விலங்குப் பண்ணையைக் கேலிச் சித்திரப் படமாக்கியது. பன்றிகளும் மனிதர்களும் அடையாளம் தெரியாமல் ஒன்றிப்போகும் கதையின் முடிவு முதலாளிகளுக்கும் உறைக்கும் அல்லவா? 1954-ல் வெளியான படத்திலே அந்த முடிவையே மாற்றிவிட்டார்கள். மாஸ்கோவோ 1984 நாவலை 1988 வரை அச்சேற விடவில்லை.

விலங்குப் பண்ணைக்காக, இந்தத் தானே பூட்டும் வாய்ப்பூட்டைக் கண்டித்து ஆர்வெல் ஒரு முன்னுரை எழுதியிருந்தார். அச்சுப்படியிலே அதற்கு இடமும் ஒதுக்கியிருந்தார்கள். நூல் வந்தபோது முன்னுரை இல்லை. பக்க எண்களை மாற்றிப் போட்டு அந்த இடத்தை மூடிவிட்டார்கள். 1972-ல்தான் அது அச்சிலே வந்தது.